ஆர்ம் கைக்கருவிகளில் பாஸ்கல் கம்பைலர்: பிழையின் இருப்பிடம் தேடல்

மேசைக் கணினியில் குறையின்றி ஓடும் பாஸ்கல் நிரல் ஒன்று, ஆர்ம் வகை நுண்செயலியும் லினக்ஸ் இயங்குதளமும் கொண்ட கைக்கருவிக்கு வந்ததும் தொகுக்கப்பட மறுப்பதும், தொகுக்கப்பட்டாலும் ஓட மறுப்பதும், ஓடினாலும் தவறான விடை தருவதும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தொடரும் சிக்கலாகும். இத்தகைய நேரங்களில் பழி பெரும்பாலும் கம்பைலர் மீதே, அதாவது மனிதர் எழுதும் மூலநிரலை நுண்செயலிக்குரிய ஆணைகளாக மாற்றும் மென்பொருள் மீதே விழுகிறது. ஆனால் பழுதுகளை வகைப்படுத்திப் பார்த்தால், கம்பைலர் உண்மையில் தவறான ஆணையை உருவாக்கிய நேர்வுகள் சிறுபான்மையே என்பதும், நுண்செயலி, கெர்னல், சி நூலகம், லிங்கர் ஆகியவற்றுக்கும் கம்பைலருக்கும் இடையே இருக்க வேண்டிய உடன்பாடுகளில் ஏதோவொன்று முறிந்திருப்பதே வழக்கமான காரணம் என்பதும் புலப்படும். அந்த முறிவு எந்த அடுக்கில் நிகழ்கிறது என்று கண்டறிவதே பிழைகாணலின் பெரும்பகுதி.

நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல், 1983இல் டர்போ பாஸ்கல் வழியாகவும் 1995இல் டெல்ஃபி வழியாகவும் தனிக் கணினிகளில் பரவியது. திறந்த மூலநிரலாக 1993இல் ஃப்ளோரியான் க்ளெம்ஃப்ல் தொடங்கியதும், பின்னர் அவ்விரண்டின் மொழிநடையையும் ஏற்றதுமான ஃப்ரீ பாஸ்கல்தான் இன்று ஆர்ம் லினக்ஸுக்குக் கிடைக்கும் முதன்மையான பாஸ்கல் கம்பைலர். 2005இல் வந்த அதன் 2.0 பதிப்பு முதல் ஆர்ம் ஆதரவு உண்டு. அக்காலத்தில் கையடக்க லினக்ஸ் என்றால் ஷார்ப் நிறுவனத்தின் சாரஸ், நோக்கியா 770 போன்ற கருவிகளே. பின்னர் ஓபன்மோக்கோ ஃப்ரீரன்னர் 2008இலும் நோக்கியா என்900 2009இலும் வந்தன. இன்று பைன்ஃபோன் போன்ற 64 பிட் கைபேசிகள் அவ்விடத்தில் உள்ளன. இவை அனைத்தும் ஆர்ம் லினக்ஸ் என்ற ஒரே பெயரில் வழங்கினாலும், சாரஸ் எஸ்எல்-5500இன் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு ஆர்ம் கட்டமைப்பின் 4ஆம் பதிப்பையும், ஃப்ரீரன்னரின் சில்லு அதன் சற்றே விரிந்த வடிவமான 4டி-யையும், நோக்கியா 770 5ஆம் பதிப்பையும், என்900 7ஆம் பதிப்பையும், பைன்ஃபோன் 8ஆம் பதிப்பையும் சார்ந்தவை. ஒன்றுக்காகத் தொகுத்தது மற்றொன்றில் ஓடும் என்ற உறுதி அப்பெயரால் மட்டும் கிடைப்பதில்லை.

பழுதுகளின் தன்மையை விளங்கிக்கொள்ள ஃப்ரீ பாஸ்கலின் உள்ளமைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். பயனர் அழைக்கும் கட்டளை ஒரு முகப்பு மட்டுமே. அது இலக்கு நுண்செயலிக்கேற்ற உண்மையான கம்பைலரைத் தேடி இயக்குகிறது. அந்தக் கம்பைலர் ஆர்ம் லினக்ஸுக்கு முதலில் அசெம்பிளி உரையை எழுதி, அதை குனு அசெம்பிளரிடம் ஒப்படைத்து, பின்னர் குனு லிங்கரைக் கொண்டு ஓடக்கூடிய கோப்பாக இணைக்கிறது. முன்பே தொகுக்கப்பட்ட யூனிட்டுகள், அதாவது பாஸ்கல் நிரலின் தனித்தனிப் பகுதிகள், பிபியு என்ற நீட்சி கொண்ட கோப்புகளில் இருக்கின்றன. எந்த நுண்செயலிக்காக, கம்பைலரின் எந்தப் பதிப்பால் அவை உருவாயின என்ற குறிப்பும் அவற்றினுள்ளேயே பதிவாகியிருக்கும். சிஸ்டம் யூனிட்டைக் காணவில்லை என்ற பிழைச்செய்தி வந்தால், கோப்பு இல்லை என்பதைவிட, இருக்கும் கோப்பை நோக்கி அமைவுக் கோப்பின் தேடுபாதை செல்லவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. வேறு பதிப்பின் அமைவுக் கோப்பை அப்படியே நகலெடுத்து வைக்கும் பழக்கம் இதற்குத் தலையாய காரணம். கம்பைலரின் விரிவான செய்தி வெளியீட்டை இயக்கி, அது எந்தெந்த அடைவுகளில் தேடியது என்று படித்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தீரும் இச்சிக்கலுக்கு, மென்பொருளை முழுதும் அழித்து மீண்டும் நிறுவும் வழி தேவையற்ற உழைப்பாகும்.

இவற்றைவிட முக்கியமான இயல்பு ஒன்றுண்டு. சி மொழிக் கம்பைலர்கள் பொதுவாகச் சி நூலகத்தின் வழியாகவே கெர்னலை அணுகும். ஃப்ரீ பாஸ்கலின் இயக்கநேர நூலகமோ, லினக்ஸில் கோப்பைத் திறத்தல், எழுதுதல், நினைவகம் பெறுதல் முதலிய பணிகளுக்குக் கெர்னலை நேரடியாகவே அழைக்கிறது. ஆகவே எளிய பாஸ்கல் நிரல் சி நூலகத்தின் துணையின்றி, நிலையாக இணைக்கப்பட்ட ஒரே கோப்பாக அமைந்து எங்கும் ஓடிவிடும். இது பெரிய வசதிதான் எனினும் பிழைகாண்போரைத் திசைதிருப்புவதும் இதுவே: ஒரு வரியைத் திரையில் அச்சிடும் சோதனை நிரல் வெற்றி பெற்றதைக் கொண்டு, கம்பைலர் சரியாக நிறுவப்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட இயலாது. அந்நிரல் மிதவைப் புள்ளி எண்களைத் தொடவில்லை. சி நூலகத்தை அழைக்கவில்லை. இழைகளை, அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் செயற்பாதைகளை, உருவாக்கவில்லை. உடன்பாடு முறியக்கூடிய இடங்கள் எதையுமே அது சோதிக்கவில்லை.

அத்தகைய உடன்பாடுகளில் முதன்மையானது ஏபிஐ எனப்படும் இருமநிலை இடைமுகம்: ஒரு துணைநிரல் மற்றொன்றை அழைக்கும்போது மதிப்புகள் எந்தப் பதிவகங்களில் செல்ல வேண்டும், தரவு எந்த எல்லையில் ஒழுங்குபட்டிருக்க வேண்டும், கெர்னலை அழைக்கும் முறை எது என்பன குறித்த விதித்தொகுதி. ஆர்ம் லினக்ஸின் பழைய இடைமுகமான ஓஏபிஐ-யில், கெர்னல் அழைப்பின் எண் ஆணைக்குள்ளேயே பொதிந்திருந்தது; பின்வந்த ஈஏபிஐ-யில் அவ்வெண் ஏழாம் பதிவகத்தில் வைக்கப்படுகிறது. ஈஏபிஐ-யில் 64 பிட் மதிப்பு ஒன்று இரட்டை எண்ணில் தொடங்கும் பதிவக இணையில்தான் அமர வேண்டும் என்பதால், கோப்பின் நீளத்தை மாற்றும் கெர்னல் அழைப்பில் கோப்பு எண்ணுக்கும் நீளத்துக்கும் இடையே பயனற்ற ஒரு பதிவகத்தை வெறுமையாக விட்டுச்செல்ல வேண்டியிருக்கிறது. சி நூலகத்தை நம்பியிருப்போர் இதை அறியத் தேவையில்லை. கெர்னலை நேரடியாக அழைக்கும் பாஸ்கல் நூலகம் இத்தகைய ஒவ்வொரு விதிவிலக்கையும் தானே பேணியாக வேண்டும்.

மிதவைப் புள்ளி எண்களில் இம்முறிவு இன்னும் விந்தையான வடிவம் எடுக்கிறது. ஓஏபிஐ காலத்தில் எஃப்பிஏ என்ற துணைச்செயலியின் ஆணைகளே கணக்கீட்டுக்கான நியமமாக இருந்தன. ஆனால் அச்செயலி கைக்கருவிகளில் அநேகமாக இருந்ததே இல்லை. எனவே அத்தகைய ஆணை வரும்போதெல்லாம் நுண்செயலி இடறி நின்று, கெர்னல் அதனிடத்தில் மென்பொருளால் கணக்கிட்டுத் தந்தது. இப்போலச்செய்தல் மிக மெதுவானது. அந்தப் பகுதி சேர்க்கப்படாத கெர்னலிலோ நிரல் முறையற்ற ஆணை என்ற செய்தியுடன் நின்றுவிடும். மேலும் எஃப்பிஏ முறையில் 64 பிட் எண்ணின் மேற்பாதி முதலிலும் கீழ்ப்பாதி பின்னரும் சேமிக்கப்பட்டன. பின்வந்த விஎஃப்பி முறையில் வரிசை நேர்மாறு. இவ்விரண்டையும் கலந்து இணைத்தால் நிரல் நிற்காது, 1.0 என்ற எண் ஏறத்தாழ 5.3 பெருக்கல் 10இன் அடுக்கு கழித்தல் 315 என்ற, சுழியினின்று பிரித்தறிய முடியாத மதிப்பாகப் படிக்கப்படும். திரையில் எல்லாப் பின்ன எண்களும் சுழியாகத் தோன்றினால் கணக்கு வாய்பாட்டைத் திருத்தத் தொடங்குவதற்கு முன், நூலகமும் நிரலும் ஒரே மிதவைப் புள்ளி முறையில் தொகுக்கப்பட்டனவா என்று பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஈஏபிஐ-க்குள்ளும் பிரிவுகள் உண்டு. மென் மிதவை முறையில் கணக்கீடு முழுவதும் மென்பொருளால் நடக்கிறது. இடைநிலை முறையில் கணக்கீடு விஎஃப்பி வன்பொருளால் நடந்தாலும் மதிப்புகள் பொதுப் பதிவகங்கள் வழியாகவே கைமாறுகின்றன. வன் மிதவை முறையில் மதிப்புகளும் விஎஃப்பி பதிவகங்களிலேயே செல்கின்றன. முதலிரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கலாம். மூன்றாவதை அவற்றோடு இணைக்கலாகாது. லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான டெபியன் 2013இல் வெளியிட்ட தன் 7ஆம் பதிப்பில் வன் மிதவை முறைக்கென ஆர்ம்ஹெச்எஃப் என்ற தனிக் கிளையை வகுத்ததன் காரணம் இதுவே. லிங்கர் இரு கோப்புகளை ஒப்பிட்டு, ஒன்று விஎஃப்பி பதிவகங்களில் மதிப்பைப் பெறுகிறது, மற்றது பெறவில்லை என்று கூறி நின்றால் அது நல்வாய்ப்பே. ஏனெனில் பிழையின் இருப்பிடத்தை அச்செய்தி சரியாகவே சொல்கிறது. ஃப்ரீ பாஸ்கலில் இம்முறையைத் தேர்வது நிரலைத் தொகுக்கும்போது தரும் விருப்பத்தால் மட்டும் முடிவதில்லை. இயக்கநேர நூலகத்தின் யூனிட்டுகளும் அதே முறையில் முன்பே தொகுக்கப்பட்டிருக்க வேண்டும், கம்பைலரும் அதற்குரிய வரையறையுடன் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஆணைத்தொகுதிப் பதிப்பின் பொருத்தமின்மை இதைவிட எளிதில் பிடிபடும். 4ஆம் பதிப்பின் அடிப்படை வடிவில், துணைநிரலிலிருந்து திரும்பப் பிற்காலத்தில் பயன்பட்ட கிளைமாறும் ஆணை கிடையாது. 6ஆம் பதிப்புக்கு முன் நினைவகத்தைப் பிரிக்கப்படாத ஒரே செயலாகப் படித்து மாற்ற உதவும் ஆணை இணை கிடையாது. முழு எண் வகுத்தலுக்கான வன்பொருள் ஆணை 7ஆம் பதிப்பின் தொடக்ககாலச் சில்லுகளில்கூட இல்லை. இல்லாத ஆணையைச் சந்தித்ததும் நுண்செயலி நிரலை நிறுத்திவிடுகிறது. 7ஆம் பதிப்புக்கெனக் கட்டிய டெபியன் யூனிட்டுகளை, 6ஆம் பதிப்பைச் சார்ந்த முதல் ராஸ்பெரி பையில் பயன்படுத்தும்போது நேர்வதும் இதுவே. இரண்டும் வன் மிதவை முறை என்பதால் லிங்கர் எதிர்ப்பின்றி இணைத்துவிடும். இங்கு ரீட்எல்ஃப் என்ற குனு கருவி, கோப்பில் பொதிந்துள்ள ஆர்ம் பண்புக் குறிப்புகளிலிருந்து கட்டமைப்புப் பதிப்பையும் மிதவைப் புள்ளி முறையையும் எடுத்துக்காட்டும். ஓட்டிப் பார்க்கும் முன்பே கேட்டறியக்கூடிய செய்தி இது.

அடுத்த வகைப் பழுதுகள் இணைப்புக் கட்டத்தில் எழுகின்றன. அவற்றுள் மிகவும் குழப்பமூட்டுவது, கண்முன் இருக்கும் நிரலை இயக்க முற்பட்டால் அப்படியொரு கோப்பு இல்லை என்று ஷெல் விடையளிப்பது. இல்லாதது அந்நிரல் அன்று. அது நாடும் ஏற்றி, அதாவது பகிர்வு நூலகங்களை நினைவகத்தில் கொணர்ந்து நிரலோடு பொருத்தும் சிறு நிரல். மென் மிதவை, வன் மிதவை, 64 பிட் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்றியின் பெயர் வேறு. குனு சி நூலகத்துக்கு மாறாக மஸ்ல் நூலகத்தைக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற தளங்களில் அது முற்றிலும் வேறு. இருக்கும் ஏற்றியை இல்லாத பெயரால் சுட்டும் இணைப்பு ஒன்றை உருவாக்கிச் சிக்கலைத் தீர்க்கும் உபாயம் பலராலும் சொல்லப்படுவதுண்டு. அது பெரும்பாலும் தீர்வாகாது. ஏபிஐ வேறுபட்டிருந்தால், தெளிவாகத் தெரிந்த பழுதை ஓட்டத்தின் நடுவே தோன்றும் தெளிவற்ற பழுதாக அது மாற்றிவிடுகிறது.

சி நூலகம் வேண்டாத பாஸ்கல் நிரலும், இழைகளைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்நூலகத்தை நாடியாக வேண்டும். லினக்ஸில் அதற்கென உள்ள சிதிரெட்ஸ் யூனிட்டை நிரலின் யூனிட் பட்டியலில் முதலிடத்தில் குறிப்பிடாவிட்டால், இயக்கநேரப் பிழை 232 தோன்றும். குறிப்பிட்ட பிறகு லிங்கர் சி நூலகத்தையும் அதன் தொடக்கக் கோப்புகளையும் தேடும். டெபியன் வழிவந்த தளங்களில் அவை கட்டமைப்பின் பெயரைத் தாங்கிய உள்ளடைவில் இருப்பதால், அப்பாதையை அமைவுக் கோப்பு அறிந்திருக்க வேண்டும். ஃப்ரீ பாஸ்கல் 3.2.2 பதிப்பு 2021 மே மாதத்தில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த குனு சி நூலகத்தின் 2.34 பதிப்பு, இழை நூலகத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதோடு, பழைய தொடக்க நிரல்கள் பெயர் சொல்லித் தேடும் இரு தொடக்க, முடிவுச் செயற்பாடுகளையும் நீக்கியது. இதனால் கம்பைலரும் நிரலும் மாறாதிருக்க, தளத்தைப் புதுப்பித்த ஒரே காரணத்தால் இணைப்பு முறிந்த நேர்வுகள் உண்டாயின. இத்தகைய இடத்தில், தளத்தை வெளியிடுவோர் திருத்தி வழங்கும் கம்பைலர் பொதியே பொருத்தமானது.

இனி, கம்பைலரையே குற்றம் சாட்டத்தக்க இடம். ஆர்ம் ஆணை 32 பிட் நீளமே கொண்டது என்பதால் பெரிய மாறிலி எதுவும் ஆணைக்குள் அடங்காது. கம்பைலர் அத்தகைய மாறிலிகளை ஆணைகளின் நடுவே ஒரு குவியலாக வைத்து, தற்போதைய இடத்திலிருந்து இத்தனை பைட் தொலைவில் உள்ளதை எடு என்று எழுதுகிறது. அத்தொலைவு 4,095 பைட்டைத் தாண்டக் கூடாது. விஎஃப்பி மதிப்பாயின் 1,020 பைட்டைத் தாண்டக் கூடாது. மிக நீண்ட துணைநிரல்களில் இக்குவியலை எங்கே இடைச்செருக வேண்டும் என்ற கணிப்பு தவறினால், தொலைவு வரம்பு மீறியது என்று அசெம்பிளர் முறையிடும். செய்தி அசெம்பிளரிடமிருந்து வந்தாலும் பிழை கம்பைலருடையது. துணைநிரலைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது உடனடி நிவாரணம். நிரலை விரைவாக்கக் கம்பைலர் செய்யும் உகப்பாக்கத்தைக் குறைத்துத் தொகுக்கும்போது பிழை மறைந்தால், அதுவும் கம்பைலரை நோக்கிய வலுவான சான்று. உறுதியான சான்று அன்று, ஏனெனில் மதிப்பிடப்படாத மாறியைப் பயன்படுத்தும் பிழைநிரலும் அவ்வாறே நடந்துகொள்ளும். கம்பைலரின் நலத்தை அறிய அதற்குள்ளேயே ஒரு வழி உண்டு: ஃப்ரீ பாஸ்கல் பாஸ்கலிலேயே எழுதப்பட்டது. பழைய பதிப்பால் புதியதைத் தொகுத்து, அதனால் மீண்டும் தன்னையே தொகுத்து, மூன்றாம் முறையும் அவ்வாறு செய்தால், கடைசி இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிட்டால் ஆணை உருவாக்கத்தில் பழுது இருப்பது ஏறக்குறைய திண்ணம். இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட ஒரு நிரலின் மீது நடத்தப்படும் இச்சோதனைக்கு ஈடான வேறொன்றைப் பயனர் தாமாக உருவாக்குவது கடினம்.

பயனரின் நிரலிலேயே உறங்கிக் கிடந்து, ஆர்ம் கருவிக்கு வந்ததும் விழித்தெழும் பிழைகள் தனி வகையின. இன்டெல் வகைச் செயலிகள் நான்கு பைட் எண்ணை எந்த முகவரியிலிருந்தும் படிக்க அனுமதிக்கும். 5ஆம் பதிப்பு வரையிலான ஆர்ம் செயலியோ, நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து படித்தால் பைட்டுகளைச் சுழற்றித் தவறான மதிப்பை ஓசையின்றித் தந்துவிடும். கோப்பிலோ வலையிலோ வந்த பைட் தொகுதியை எண் சுட்டியாக மாற்றிப் படிக்கும் பழைய டர்போ பாஸ்கல் பழக்கம் இங்கே தண்டிக்கப்படுகிறது. கெர்னலின் ப்ராக் கோப்பமைப்பில் உள்ள ஒழுங்கமைவு அமைப்பை மாற்றி, இத்தகைய படிப்பைக் கெர்னலே திருத்தித் தரவோ, எச்சரிக்கவோ, நிரலை நிறுத்தவோ செய்யலாம். பிழை தேடும் காலத்தில் நிறுத்தச் செய்வதே தக்கது; திருத்தித் தரச் செய்தால் பிழை மறைந்து, வேகம் மட்டும் குறையும். எக்ஸ்டெண்டட் என்ற எண்வகை இன்டெல் லினக்ஸில் 80 பிட் துல்லியம் கொண்டது, ஆர்ம் தளத்திலோ அது 64 பிட் டபுள் வகையே. அவ்வகையில் எழுதிய தரவுக்கோப்புகள் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லா. பின்ன எண்ணைச் சுழியால் வகுத்தால் இன்டெல் தளத்தில் விதிவிலக்கு எழும். பல ஆர்ம் சில்லுகளில் வன்பொருள் அவ்வாறு இடறுவதில்லை என்பதால், கம்பைலரே சோதனை ஆணைகளைச் சேர்க்காத இடத்தில் நிரல் முடிவிலி என்ற மதிப்போடு தொடர்ந்து செல்லும். பல கருக்கள் கொண்ட சில்லுகளில், ஒரு கரு எழுதிய வரிசையிலேயே மற்றொரு கரு அவற்றைக் காணும் என்ற உறுதியும் ஆர்மில் தளர்வானது. பூட்டின்றிக் கொடிமாறியை மட்டும் நம்பும் இழைநிரல்கள் மேசைக் கணினியில் ஆண்டுக்கணக்கில் ஓடி, கைபேசியில் எப்போதாவது ஒருமுறை சிதைவது இதனால்தான்.

கருவியிலேயே தொகுப்பதா, மேசைக் கணினியில் குறுக்குத் தொகுப்பு செய்து கொணர்வதா என்பது நெடுநாள் விவாதம். 64 மெகாபைட் நினைவகம் கொண்ட நோக்கியா 770 போன்றவற்றில், கம்பைலர் தன் வேலையை முடித்தாலும் லிங்கர் நினைவகம் போதாமல் நின்றுவிடும். ஒவ்வொரு துணைநிரலையும் தனித்தனிப் பகுதியாக்கி வேண்டாதவற்றை விலக்கும் இணைப்பு முறை நிரலைச் சிறிதாக்கினாலும் லிங்கரின் பசியைக் கூட்டும். நினைவக அட்டையில் தொகுப்போர் சந்திக்கும் அனுமதி மறுப்புச் செய்தி, ஃபேட் கோப்பமைப்பும் இயக்கத் தடையுடன் அட்டை ஏற்றப்பட்டிருப்பதும் சேர்ந்து விளைவிப்பது. நிரலை உள்நினைவகத்துக்கு மாற்றினால் தீரும். குறுக்குத் தொகுப்பு இவற்றைத் தவிர்க்கிறது; ஆனால் மேசைக் கணினியின் நூலகங்களை லிங்கர் தவறுதலாக எடுத்துக்கொள்ளும் இடரைக் கொண்டுவருகிறது. கருவியின் நூலகங்களைத் தனி அடைவில் நகலெடுத்து, அதை மட்டுமே தேடச் செய்வது பாதுகாப்பானது. க்யூஎமு என்ற போலச்செய்நிரலில் முன்கூட்டி ஓட்டிப் பார்ப்பது பயனுடையதே எனினும், அது ஒழுங்கற்ற முகவரிப் படிப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதாலும், அடியிலுள்ள இன்டெல் கணினியின் கண்டிப்பான நினைவக வரிசையைப் பெறுவதாலும், முந்தைய பத்தியின் பிழைகளுள் மிகக் கடுமையான இரண்டை அது காட்டாது. ஓரளவு நினைவகமுள்ள இன்றைய கருவிகளில் இறுதிச் சோதனையையேனும் கருவியிலேயே செய்வது தவிர்க்கலாகாதது.

3.2.0 பதிப்புடன் 2020இல் லினக்ஸுக்கு வந்த 64 பிட் ஆர்ம் ஆதரவு, மேற்கண்ட சிக்கல்களில் பலவற்றை ஒழித்துவிட்டது: அங்கு மிதவைப் புள்ளி வன்பொருள் நியமம், ஏபிஐ ஒன்றே, வகுத்தல் ஆணையும் உண்டு. ஆயினும் 64 பிட் கெர்னல், பழைய கெர்னல் அழைப்புகள் பலவற்றைத் தராமல், கோப்பைத் திறத்தல், குழாய் அமைத்தல் போன்றவற்றின் புதிய வடிவங்களை மட்டுமே தருகிறது. கெர்னலைத் தாமே நேரடியாக அழைக்கும் பழைய பாஸ்கல் யூனிட்டுகள் அங்கே செயலிழக்கும். 32 பிட் கருவிகளை விடாமல் வைத்திருப்போர்க்கோ வேறொரு முறிவு வந்துள்ளது. 2038ஆம் ஆண்டில் 32 பிட் நேர எண் நிரம்பிவிடும் என்பதால், டெபியன் 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பின் ஆர்ம்ஹெச்எஃப் கிளை 64 பிட் நேர எண்ணுக்கு மாறியது. சி நூலகங்களை அழைக்கும் பாஸ்கல் யூனிட்டுகளில் நேரத்தைக் குறிக்கும் ரெக்கார்டு பழைய அளவிலேயே அறிவிக்கப்பட்டிருந்தால், நூலகம் எழுதும் பைட்டுகள் அதற்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து மாறியின் மீது விழும். லிங்கருக்கு இது தெரியாது, கம்பைலருக்கும் தெரியாது. அறிவிப்புகளைச் சி தலைப்புக் கோப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் கண்டறிய வேண்டும்.